முடக்குவாத முழங்காலுக்கு 'சின்ன ஓட்டை' ஒப்பரேஷன்: மல்லாவி வாசகிக்கு ஒரு பதில்

மல்லாவிப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 46, வயல் வேலை. ஏழு வருடமாக முடக்குவாதம். விரல்களில் தொடங்கி மணிக்கட்டுக்கு வந்து, இப்போது இரண்டு முழங்கால்களும் வீங்கியிருக்கின்றன, வலதுதான் கூட மோசம். வாதத்தை அடக்கக் கிளினிக்கில் தருகிற மெதோட்ரெக்சேட் குளிசை குமட்டுகிறது என்று விட்டு விட்டுப் போடுகிறார், வலி தாங்க முடியாத நாட்களில் பாமசியில் பிறெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை வாங்கிப் போடுகிறார். 2009இல் போரின்போது வலது தொடையில் ஷெல் (எறிகணை) காயம், துண்டு ஒன்று இன்னும் உள்ளேயே இருக்கிறது. ஒரு தனியார் இடத்தில், முழங்காலுக்குள் குழாய் விட்டுச் சுரண்டுகிற ஒப்பரேஷனுக்கு "மூன்று சின்ன ஓட்டைதான், அடுத்த நாளே நடக்கலாம், வருத்தம் அடியோடு போய்விடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் அண்ணா காசு அனுப்பத் தயார். ஆனால் அயலில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் இதையே செய்து ஒரு பிரயோசனமும் இல்லை என்கிறாராம். செய்யலாமா, செய்தால் குளிசைகளை நிறுத்த வேண்டுமா, பிறகு வயலில் இறங்கலாமா, கோயிலில் சம்மாணம் கொட்டி இருக்கலாமா என்று கேட்கிறார்.

தங்கச்சி, முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்குச் செய்ய வேண்டாம். நான் எலும்பு, மூட்டு ஒப்பரேஷன் செய்கிற வைத்தியன், கத்தி வேண்டாம் என்று சொல்வதில் எனக்கு லாபம் ஒன்றும் இல்லை. இந்த ஒப்பரேஷன் கெட்டது என்பதற்காகவும் சொல்லவில்லை. அதைச் செய்வதற்கு ஒரு நேரம் இருக்கிறது, அந்த நேரம் உங்களுக்கு வந்துவிட்டதா, இன்னும் வரவில்லையா, இல்லை ஏற்கனவே கடந்துபோய்விட்டதா என்பதை யாருமே இன்னும் பார்க்கவில்லை. நின்றபடி எடுத்த எக்ஸ்றே ஒன்றைப் பற்றிக்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. அதைப் பார்க்காமல் ஒருவர் திகதி குறிக்கிறார் என்றால் அவர் உங்கள் முழங்காலைப் பார்க்கவில்லை, அண்ணாவின் காசைத்தான் பார்க்கிறார்.

ஆசிரியருடைய கதையை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அதுதான் உங்களைக் குழப்புகிறது. அவருக்கு இருந்தது அநேகமாக வயதால் வருகிற தேய்மானம். தேய்ந்த முழங்காலுக்குள் குழாய் விட்டுக் கழுவுவதும் சுரண்டுவதும் ஒரு காலத்தில் உலகம் முழுக்க நடந்தது. 2002இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 180 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். சிலருக்கு உண்மையான ஒப்பரேஷன், சிலருக்குத் தோலில் மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள், யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கத்துக்கும் வலியில் வித்தியாசமே இல்லை. அதற்குப் பிறகு தேய்மானத்துக்கு இதைச் செய்ய வேண்டாம் என்பதே பொதுவான அறிவுரை. ஆக, ஆசிரியர் சொல்வது அவருடைய முழங்காலைப் பொறுத்தவரை சரி. உங்களுடைய வருத்தம் வேறு.

முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. காகிதம்போல மெல்லிதாக இருக்க வேண்டிய அந்தச் சவ்வு தடித்து, இரத்தக் குழாய் வளர்ந்து, நீரைச் சுரந்துகொண்டே இருக்கும், பிறகு மெல்ல மெல்லக் குருத்தெலும்பின்மேல் படர்ந்து அதையும் எலும்பையும் அரிக்கும். காலையில் எழும்பி ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மூட்டு இறுகிக் கிடப்பது, வீக்கம், சூடு எல்லாம் அந்தச் சவ்வின் வேலை. தடித்த சவ்வைக் குழாய் வழியாகச் சுரண்டி எடுத்தால் முழங்கால் ஆறுதல் அடையும் என்பதில் அர்த்தம் இருக்கிறது. இந்த ஒப்பரேஷனில் உண்மையாகச் செய்வதும் அதைத்தான்.

எப்படிச் செய்வோம் என்றால், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்து, தொடையில் பட்டி இறுக்கி, ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைந்த ஓட்டைகள் போட்டு, ஒன்றில் நான்கு மில்லிமீற்றர் அளவுக் குழாய்க் கமராவும் மற்றதில் சுழல்கிற சிறு வெட்டும் கருவியும் விடுவோம். மூட்டைச் சேலைன் விட்டு ஊதவைத்துக்கொண்டு திரையில் பார்த்தபடி சவ்வைச் சுரண்டி எடுப்போம். முழங்காலின் பின்பக்கத்தில் இருக்கிற சவ்வையும் எடுக்க வேண்டும் என்றால் இரண்டு ஓட்டை, மூன்று ஓட்டை போதாது, பின்னாலும் போட வேண்டும். அங்கேதான் காலுக்குப் போகிற பெரிய இரத்தக் குழாயும் நரம்பும் இருக்கின்றன, ஆகவே கைப்பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. முன்பக்கத்தை மட்டும் சுரண்டிவிட்டு அனுப்பினால் பின்னால் மிச்சம் இருப்பது தன் வேலையைத் தொடரும். உங்களிடம் 'மூன்று ஓட்டை' என்று எண்ணிச் சொன்னவரிடம் பின்பக்கத்தை எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

(இந்தக் குழாயின் கதை கொஞ்சம் சுவாரசியமானது. 1918இல் தோக்கியோவில் கென்ஜி தகாகி என்ற வைத்தியர் மூத்திரப்பையைப் பார்க்கிற குழாயை இறந்த ஒருவரின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். காசநோயால் முழங்கால் மடங்காமல் இறுகிப்போவது அங்கே பெரிய பிரச்சினை, ஏனென்றால் அவர்களும் எங்களைப்போல நிலத்தில் இருக்கிற சனம். நிலத்தில் இருக்க முடியாத முழங்காலைப் பற்றிய கவலையில்தான் இந்த வித்தையே தொடங்கியது.)

சரி, யாருக்கு இது உதவும்? மருந்தை ஆறு மாதமாவது ஒழுங்காக, போதிய அளவில் எடுத்தும், முழங்காலுக்குள் ஸ்டீரொயிட் ஊசி போட்டுப் பார்த்தும், மற்ற மூட்டுகள் அடங்கி இந்த ஒரு முழங்கால் மட்டும் அடங்காமல் வீங்கிக்கொண்டிருக்க வேண்டும். எக்ஸ்றேயில் எலும்புகளுக்கு இடையில் இடைவெளி இன்னும் இருக்க வேண்டும், அதாவது குருத்தெலும்பு பெரும்பாலும் தப்பியிருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தவருக்கு வலியும் வீக்கமும் நன்றாகக் குறையும், திறந்து செய்கிற பழைய ஒப்பரேஷனைவிட முழங்கால் இறுகிப்போவதும் குறைவு, கெதியில் எழும்பி நடக்கலாம். ஆனால் வருத்தத்தின் மூலம் முழங்காலில் இல்லை, உடம்பு முழுவதும் இருக்கிறது. வயலில் கோரையின் தலையை வெட்டிவிட்டுக் கிழங்கை விட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மருந்து இல்லாமல் சவ்வை மட்டும் எடுத்தால் அது திரும்ப முளைக்கும். மருந்தோடு சேர்த்துச் செய்தால்கூடச் சில வருடங்களில் பலருக்குத் திரும்ப வரும். 'அடியோடு போகும்' என்ற வார்த்தையைச் சொன்னவர் ஒன்றில் விஷயம் தெரியாதவர், அல்லது தெரிந்தும் சொல்கிறவர்.

உங்களுக்கு முதல் நிபந்தனையே இன்னும் நிறைவேறவில்லை. மெதோட்ரெக்சேட்டை விட்டு விட்டுப் போடுவது போடாததற்குச் சமம், ஏனென்றால் அது வேலையைக் காட்டவே ஆறு முதல் பன்னிரண்டு கிழமை எடுக்கும். அது வாரத்தில் ஒரே ஒரு நாள் போடுகிற மருந்து. எந்த நாள் என்று தெரிவுசெய்து கலண்டரில் எழுதி வையுங்கள். தவறிப்போய் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, இரத்த அணுக்கள் விழுந்துவிடும். வீட்டில் வேறு யாராவது மருந்து எடுத்துத் தருகிறார்கள் என்றால் அவர்களுக்கும் இதை அழுத்திச் சொல்லுங்கள். குமட்டலுக்கு வழி இருக்கிறது: இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுவிட்டுப் படுப்பது, ஃபோலிக் அமிலக் குளிசையை வைத்தியர் சொன்னபடி வேறு நாளில் தவறாமல் எடுப்பது, அப்படியும் சரிவராவிட்டால் அதே மருந்தைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடுவது. அதுவும் போதாவிட்டால் சல்ஃபாசலசின், ஹைட்ரொக்சிகுளோரோகுயின், லெஃப்ளுனொமைட் என்று சேர்ப்பதற்கு மருந்துகள் இருக்கின்றன, அதற்கும் மேலே அடலிமுமாப், எட்டனர்செப்ட், ரிடுக்சிமாப் போன்ற ஊசி மருந்துகள் இருக்கின்றன (இவற்றைத் தொடங்குமுன் மறைந்திருக்கிற காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்). குமட்டுகிறது என்பதைக் கிளினிக்கில் சொன்னீர்களா? பெரும்பாலும் எங்கள் சனம் சொல்வதில்லை, 'எப்படி இருக்கு' என்று கேட்டால் 'பரவாயில்லை' என்று சொல்லிவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு வந்து அலுமாரிக்குள் வைத்துவிடுகிறோம். வரிசையில் நாள் முழுக்க நின்று இரண்டு நிமிடம் கிடைக்கிற இடத்தில் யாருக்குத்தான் வாய் வரும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், கொப்பியின் முன்பக்கத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள்: 'குளிசை குமட்டுகிறது, ஒழுங்காகப் போடவில்லை.' அதை வாசிக்க இரண்டு நிமிடம் கூடத் தேவையில்லை.

பிறெட்னிசொலோன் விஷயத்தில் கொஞ்சம் கோபப்படத்தான் வேண்டியிருக்கிறது, உங்கள்மீது அல்ல, வைத்தியரின் மருந்துத் துண்டு இல்லாமல் எடுத்துக் கொடுக்கிறவர்கள்மீது. இரண்டு நாளில் வலி பறந்துவிடும், அதுதான் அதன் மயக்கம். மாதக்கணக்கில் போடும்போது எலும்பு பஞ்சாகும், தோல் மெலியும், சீனி ஏறும், காயம் ஆறாது, கிருமி இலகுவில் பிடிக்கும். நாளைக்கு உங்களுக்கு எந்த ஒப்பரேஷன் தேவைப்பட்டாலும் அதைக் கெடுக்கப்போவது இதுதான். ஆனால் இதைப் படித்துவிட்டு நாளையே நிறுத்தியும் விடாதீர்கள். நெடுநாள் போட்டவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியது சுரக்காமல் இரத்த அழுத்தம் விழுந்து மயங்கலாம். எவ்வளவு, எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்று வைத்தியரிடம் உண்மையைச் சொல்லி, படிப்படியாகக் குறையுங்கள்.

ஸ்டீரொயிட் போடுகிறவர், அதுவும் சேற்றில் இறங்குகிறவர் என்பதால் இன்னொன்று. ஒரு முழங்கால் மட்டும் திடீரென்று சிவந்து, கொதித்து, அசைக்கவே முடியாமல், காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அது வாதம் கூடியது என்று நினைத்து வீட்டில் இருக்காதீர்கள். மூட்டுக்குள் கிருமி போயிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியால் நீர் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். எங்கள் நாட்டு மண்ணிலும் வயல் தண்ணீரிலும் இருக்கிற மெலியோய்டோசிஸ் என்ற வருத்தத்தைத் தருகிற கிருமி, சீனி வருத்தக்காரரையும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரையும் தேடிப்பிடிக்கும், அது மூட்டையும் தாக்கும். வழமையான அன்டிபயோட்டிக் பல அதற்கு வேலை செய்யாது. வயல் வேலை செய்கிறவர் என்பதை வாட்டில் சொல்லுங்கள்.

இப்போது எக்ஸ்றேயில் குருத்தெலும்பு ஏற்கனவே போய்விட்டது என்று வந்தால் என்ன செய்வது? அப்போது சவ்வைச் சுரண்டுவதில் பயன் மிகக் குறைவு, முழங்கால் மாற்று ஒப்பரேஷன்தான் பேச்சு. அதிலும் 'சின்ன வெட்டு' விளம்பரம் இருக்கிறது. ஏறக்குறைய இருபது சென்ரிமீற்றர் வெட்டுவதைப் பத்து, பன்னிரண்டுக்குள் முடித்து, தொடைத் தசையை அதிகம் அறுக்காமல் செய்வது. முதல் சில கிழமைகளில் கொஞ்சம் இலகுவாக நடக்கலாம், காலம் போகப் போக இரண்டும் ஒன்றுதான். முடக்குவாதக்காரருக்கு நான் அதை விரும்புவதில்லை. உங்களுக்கு எலும்பு மெது, தோல் மெலிது, முழங்கால் மடிந்த நிலையில் இறுகியோ வெளிப்பக்கம் வளைந்தோ இருக்கலாம். இதையெல்லாம் நிமிர்த்தி, உலோகத்தைச் சரியான கோணத்தில் பொருத்த எனக்குக் கண்ணுக்கு இடம் வேண்டும். சின்ன வாசலுக்குள் இழுத்து இழுத்துச் செய்தால் தோல் ஓரம் கருகும், எலும்பு வெடிக்கும், கோணம் பிசகும். ஐந்து வருடம் கழித்து உங்களை நடக்கவைப்பது அந்தக் கோணம்தான், தழும்பின் நீளம் அல்ல. பாதி முழங்கால் மட்டும் மாற்றுவது என்று ஒன்றும் சொல்வார்கள். அது ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தவருக்கு. முடக்குவாதம் முழு மூட்டையும் அரிக்கிற வருத்தம் என்பதால் உங்களுக்குப் பொருந்தாது. முழுதாக மாற்றியவை நெடுங்காலம் உழைக்கும். பெரிய பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் வந்த ஒரு ஆய்வில் நூற்றுக்கு 82 முழங்கால்கள் 25 வருடம் தாண்டின.

தொடையில் இருக்கிற செல் துண்டை எழுதியது நல்லதாய்ப் போயிற்று. வன்னியில் இதைக் கேட்காமல் ஒரு ஒப்பரேஷனும் செய்யக் கூடாது, ஆனால் வெளியிடங்களில் கேட்க மாட்டார்கள், நீங்களாகத்தான் சொல்ல வேண்டும். முதலாவது, எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னால் எடுக்குமுன்னரே சொல்லுங்கள். அந்தக் காந்தம் இரும்புத் துண்டை நகர்த்தலாம், சூடாக்கலாம், இரத்தக் குழாய்க்கு அருகில் இருந்தால் அது விளையாட்டு இல்லை. உங்கள் கேள்விக்கு எக்ஸ்றேயும் அல்ட்ராசவுண்ட் ஸ்கானும் பெரும்பாலும் போதும். இரண்டாவது, தொடையில் பட்டி இறுக்குகிற இடம் பழைய காயத்தின்மேலே வருகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: அந்தக் காயம் எப்போதாவது சீழ் வடிந்ததா, ஆறி ஆறித் திரும்ப உடைந்ததா? அப்படியென்றால் எலும்பில் கிருமி உறங்கிக்கொண்டிருக்கலாம், அதே காலில் உலோக முழங்காலைப் பொருத்துமுன் அதைத் தேடித் தீர்க்க வேண்டும். முகாமில் இருந்த காலத்தில் துண்டு துண்டாகப் பார்த்த வைத்தியம், எந்தக் காகிதமும் கையில் இருக்காது, தெரியும். ஞாபகம் இருப்பதை எழுதித் தாருங்கள்.

குளிசையை நிறுத்துவது பற்றி. பழைய பழக்கத்தில் சிலர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார்கள். அமெரிக்காவில் வாதநோய் நிபுணர்களும் இடுப்பு, முழங்கால் சத்திரசிகிச்சை நிபுணர்களும் சேர்ந்து 2017இல் வெளியிட்டு 2022இல் புதுப்பித்த வழிகாட்டல், மூட்டு மாற்றும்போதுகூட மெதோட்ரெக்சேட், சல்ஃபாசலசின், ஹைட்ரொக்சிகுளோரோகுயின் எல்லாவற்றையும் தொடரவே சொல்கிறது. நிறுத்தினால் வாதம் கிளம்பி, ஒப்பரேஷன் செய்த காலை ஊன்றிப் பயிற்சி செய்யவே முடியாமல் போகும். அடலிமுமாப் போன்ற ஊசிகளை மட்டும் ஒரு தவணை விட்டு, அடுத்தது போட வேண்டிய நேரத்தில் ஒப்பரேஷனை வைப்பார்கள், காயம் ஆறிய பிறகு தொடங்குவார்கள். தினமும் போடுகிற ஸ்டீரொயிட்டை அன்றும் அதே அளவில் போட வேண்டும். மாற்று ஒப்பரேஷன் என்றால் அதற்கு முந்திய மூன்று மாதத்துக்குள் அந்த முழங்காலில் ஸ்டீரொயிட் ஊசி வேண்டாம்.

கழுத்து! மறந்துவிடப் பார்த்தேன், ஆனால் மறக்கக் கூடாதது. முடக்குவாதம் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பைத் தளர்த்தும். மயக்கம் கொடுக்கும்போது தலையைப் பின்னால் வளைத்தால் முள்ளந்தண்டு நரம்பு நெரியலாம். பின்கழுத்து வலி, கை விறைப்பு, நடக்கும்போது கால் தடுமாறுவது ஏதும் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், இல்லாவிட்டாலும் கழுத்தை முன்னும் பின்னும் வளைத்து எக்ஸ்றே எடுக்கும்படி கேளுங்கள்.

வயலும் கோயிலும். சவ்வு எடுக்கிற ஒப்பரேஷன் சரியான நேரத்தில் நடந்தால் பெரும்பாலும் முன்பு மடங்கிய அளவுக்கு மடங்கும், நிலத்தில் இருக்கலாம், பயிற்சியைப் பொறுத்தது. மாற்று முழங்கால் அப்படி இல்லை, ஏறக்குறைய 110, 120 பாகை மடங்கும், கதிரையில் இருந்து எழும்பலாம், படி ஏறலாம், வற்றாப்பளை பொங்கலுக்குப் போய்ச் சாமி கும்பிடலாம், ஆனால் கதிரையில் இருந்துதான். குந்தி இருக்கிற கக்கூசும் நாற்று நடுவதும் சரிவராது. ஒப்பரேஷனுக்கு முதலே வீட்டில் கொமட் போட ஏற்பாடு செய்யுங்கள், முடியாவிட்டால் நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கதிரையைக் குழியின்மேல் வைக்கலாம். எதைச் செய்வதானாலும் மாரி வெள்ளத்துக்குள் வேண்டாம், காலபோக அறுவடை முடிந்து நிலம் காய்ந்த பிறகு வையுங்கள். காயம் நன்றாக ஆறும்வரை குளத்தில் முழுகவும் கூடாது.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, காசும் தேவையில்லை. முழங்காலுக்கடியில் தலையணை வைத்துப் படுக்கிறீர்களா? அநேகமாக ஆம், சுகமாக இருக்கும். அதை எடுத்துவிடுங்கள், அப்படியே மடிந்து இறுகிவிடும். குதிக்காலுக்கடியில் ஒரு சுருட்டிய துவாயை வைத்து முழங்காலைக் கீழ்நோக்கி அமர்த்தி, தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணி விடுங்கள், காலையும் மாலையும் இயன்ற தடவை. கைத்தடி பிடிப்பதானால் வலது கால் கூட நோகிறபடியால் இடது கையில் பிடியுங்கள். மணிக்கட்டு நோகும் என்றால் முன்கையைத் தாங்குகிற ஊன்றுகோல் கிடைக்குமா என்று இயன்மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்த கிளினிக்கில் கேட்க வேண்டியவை: நின்றபடி இரண்டு முழங்கால்களுக்கும் எக்ஸ்றே, கழுத்து எக்ஸ்றே, வாதம் எவ்வளவு கிளம்பியிருக்கிறது என்று காட்டுகிற ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி இரத்தச் சோதனைகள், இரத்த அணுக்கள், ஈரல், சீனி, பிறகு வாதநோய் நிபுணரிடம் காட்டச் சொல்லி ஒரு துண்டு. வைத்திய நிபுணர்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் வவுனியாவா, கிளிநொச்சியா, யாழ்ப்பாணமா என்பதைத் துண்டு எழுதுகிறவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தைச் சரியாகத் தொடங்கி மூன்று மாதம் கழித்து வீக்கம் எப்படி என்று எக்ஸ்றே அறிக்கையோடு எழுதுங்கள். இடதுகாலையும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன். அண்ணாவிடம் முற்பணம் எதுவும் கட்ட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அனுப்பத்தான் வேண்டும் என்று நின்றால், கொமட்டுக்கும் கிளினிக் போய்வருகிற செலவுக்கும் அனுப்பட்டும்.